விடை வாயிலிலேயே கிடைக்கும் காலம்: நம் சங்க வலைத்தளங்கள் செய்ய வேண்டுவன

ஆடித் திங்கள் பதினேழு, பதினெட்டாம் நாட்களில் கொல்லிமலைக்கு ஏறிவந்தவர்கள் செம்மேட்டின் காட்சியை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். வாழவந்தி நாட்டைச் சேர்ந்த இவ்வூரில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஓரி விழாவைக் காணவும், ஆகாய கங்கையில் நீராடி அறப்பளீசுவரரை வணங்கவும் திரள் திரளாக மக்கள் மலையேறி வருகின்றனர். வருகிறவர்கள் வெறுங்கையோடு இறங்க விரும்புவதில்லை. மிளகு, காப்பிக் கொட்டை, சாமை, அன்னாசி, பலா, மலைவாழை என்று இம்மண்ணில் விளைந்தது ஏதேனும் ஒன்றைப் பையில் இட்டுக்கொண்டு செல்லவே விழைகின்றனர்.

முன்னாளில் அவர்கள் வழியில் நிற்பவரை அணுகி, “நல்ல மிளகு எங்கே கிடைக்கும்?” என்று வினவினார்கள். இன்றோ, பேருந்திலிருந்து இறங்கு முன்பே அவ்வினாவைக் கைப்பேசியிடம் வினவிவிடுகின்றனர். கைப்பேசியும் உடனே விடை பகர்கிறது. இன்ன கடை, இன்ன இடம், இன்ன நேரத்தில் திறந்திருக்கும், மிளகின் இயல்பு இன்னது என்று நாலைந்து வரிகளில் யாவும் ஒரே பக்கத்தில் தோன்றுகின்றன. வினவியவர் படித்துவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். அரும்பாடுபட்டு நம் சங்கம் ஒரு வலைத்தளம் அமைத்திருந்தாலும் அதன் கதவை அவர் தட்டுவதே இல்லை.

இவ்வாறு தேடுபொறியின் விடைப்பக்கத்திலேயே வினா முடிந்துவிடுமாயின், நம் சங்கங்கள் வலைத்தளம் வைத்திருப்பதால் பயன் யாது? அதை எவ்வாறு திருத்தி அமைத்தல் வேண்டும்? இவ்விரு கேள்விகளை நம் உழவர்களும் நெசவாளர்களும் இப்பொழுதே சிந்தித்தல் நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதலானோம்.

மாறியது என்ன?

கூகுள் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் தோன்றியபோது, தேடுபொறியின் வேலை வழிகாட்டுவதாகவே இருந்தது. ஒரு சொல்லைக் கொடுத்தால், அச்சொல் பற்றிய தளங்களின் வரிசை கிடைக்கும். விரும்பிய தளத்திற்கு நாமே செல்லவேண்டும். சந்தை வாயிலில் நின்றுகொண்டு, “மிளகுக் கடை வடக்கே, துணிக் கடை கிழக்கே” என்று கைகாட்டும் ஒருவரை அதற்கு ஒப்பிடலாம்.

2012ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நிலை மாறத் தொடங்கியது. ஊர்கள், மனிதர்கள், நிறுவனங்கள் பற்றிய செய்திகளைத் தொகுத்து, விடைப்பக்கத்தின் ஓரத்திலேயே கட்டமிட்டுக் காட்டும் முறையைக் கூகுள் அப்போது புகுத்தியது. 2014ஆம் ஆண்டில், ஏதேனும் ஒரு தளத்திலிருந்து இரண்டு மூன்று வரிகளை எடுத்துத் தலைப்பில் வைக்கும் துணுக்கு முறை வந்தது. பின்னர், பல தளங்களைப் படித்துச் செயற்கை நுண்ணறிவே தொகுத்து எழுதும் சுருக்க விடை 2024 மே மாதத்தில் அமெரிக்காவிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும் நடைமுறைக்கு வந்தது. 2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடி போன்ற உரையாடும் எந்திரங்களும் இதே பணியைச் செய்கின்றன. வாயிலில் நின்று கைகாட்டியவர், இப்போது கடைக்காரர் சொல்லவேண்டியதையும் தாமே சொல்லத் தொடங்கிவிட்டார் என்க.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கின்றனர். ராண்ட் ஃபிஷ்கின் என்பாரின் ஸ்பார்க்டோரோ நிறுவனம் 2024ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் கூகுளில் நிகழும் தேடல்களில் நூற்றுக்கு 58.5 பங்கும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 59.7 பங்கும் ஒரு சொடுக்குக்கூட இன்றி முடிந்துவிடுகின்றன. பியூ ஆய்வு மையம் அமெரிக்கர் 900 பேரின் 2025 மார்ச் மாதத் தேடல்களை ஆராய்ந்தது. செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் தோன்றிய பக்கங்களில் நூற்றுக்கு 8 முறையே மக்கள் வரிசையிலுள்ள ஒரு தளத்தைத் திறந்தனர். சுருக்கம் தோன்றாத பக்கங்களில் 15 முறை திறந்தனர். சுருக்கத்தினுள் காட்டப்பட்ட இணைப்பைத் திறந்ததோ நூற்றுக்கு ஒரு முறைதான். இவை அயல்நாட்டுக் கணக்குகளே. ஆயினும் அங்கு வழங்கும் கருவியே இங்கும் நம் அங்கத்தினர் கைகளில் இருக்கிறது.

இருவகை வினாக்கள்

இக்கணக்கைக் கண்டு மலைத்துவிட வேண்டுவதில்லை. மக்கள் வினவும் வினாக்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல.

“காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை?” என்று ஒருவர் வினவுகிறார். விடை 70. அதனோடு அவ்வினா முடிந்தது. அதற்காக அவர் நம் தளத்திற்கு வந்திருந்தாலும் எண்ணைப் பார்த்துவிட்டு அகன்றிருப்பார்; ஒரு பிடி மிளகும் விற்றிராது. இத்தகைய வருகை குறைந்ததைப் பற்றி வருந்துதல் வீண்.

“கொல்லிமலை மிளகு ஒரு கிலோ வீட்டிற்கு அனுப்புவார்களா?” என்று மற்றொருவர் வினவுகிறார். இவ்வினா விடையோடு முடிவதில்லை. மிளகு வேண்டும், நம்பத்தக்க கை வேண்டும், பணம் செலுத்த வழி வேண்டும். எந்திரம் எத்துணை அழகாக எழுதினாலும் மிளகை நிறுத்துக் கொடுக்க அதனால் ஆகாது. ஏதேனும் ஒரு கடையின் பெயரை அது சொல்லியே தீரவேண்டும். அப்பெயர் நம் சங்கத்தின் பெயரா, பிறர் பெயரா என்பதே கவலைக்குரியது.

ஆகவே, தளத்திற்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் காட்டிலும், வாயிலில் சொல்லப்படும் விடையில் நம் பெயர், நம் இடம், நம் தொலைபேசி எண், நம் பொருளின் உண்மை ஆகிய நான்கும் பிழையின்றி இருக்கின்றனவா என்பதே இனி நாம் கேட்கவேண்டுவது.

நம் பெயரால் பிறர் பேசுவது

நாம் வாளாவிருந்தால் நேர்வது யாதெனில், நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதே விடையாகிவிடும். எந்திரம் தானாக எதையும் அறிவதில்லை; வலையில் வெளிப்படையாகக் கிடப்பதைத் திரட்டியே விடை சொல்கிறது. 2024 மே மாதத்தில், அப்பத்தின்மேல் பாலாடைக் கட்டி ஒட்டுவதற்குப் பசையைச் சேர்க்கலாம் என்று கூகுளின் சுருக்க விடை கூறியதைக் கேட்டு உலகமே நகைத்தது. எவரோ பல ஆண்டுகளுக்கு முன் வேடிக்கைக்காக எழுதிய ஒரு வரியே அதற்கு மூலம். மெய்யானது தெளிவாக எழுதப்படாத இடத்தில் வேடிக்கையும் மெய்யாகிவிடும்.

நம் மலைக்கு இது புதிய துன்பமன்று. கடல் மட்டத்திற்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் மரங்களில் கொடியேற்றி, நிழலில் காப்பி வைத்து, மழையிலும் பனியிலும் காத்து எடுக்கும் விளைபொருள், மலையை விட்டு இறங்கியதும் விளைவித்தவர் பெயரை இழந்துவிடுகிறது. கீழே மூட்டை மாறுகிறது. வேற்றிட மிளகோடு கலக்கிறது. “கொல்லிமலை” என்னும் சொல் மட்டும் பையின்மேல் நிலைக்கிறது. இடைத்தரகரின் பிடியிலிருந்து மலைவாழ் மக்களை விடுவிப்பதற்காகவே, தமிழகத்தின் பிற மலைகளைப் போலக் கொல்லிமலையிலும் ‘லேம்ப்ஸ்’ எனப்படும் பழங்குடியினர் பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கடன், இடுபொருள், கொள்முதல், விற்பனை ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ் அமைதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். சந்தையில் தரகரை விலக்க முயன்ற நாம், கைப்பேசியின் விடைப்பக்கத்தில் அதே தரகரை வரவேற்று அமர்த்தலாமா?

மலையடிவாரத்தில் இராசிபுரத்தில் தறி நெய்யும் நம் அங்கத்தினரின் நிலையும் இதுவே. “இது கைத்தறிதானா என்று அறிவது எப்படி?” என்று வாங்குவோர் அன்றாடம் வினவுகின்றனர். இதற்கு விடையளிக்க நம்மைவிடத் தகுதியுடையார் யார்? சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம், 2006ல் வந்த கைத்தறி முத்திரை, 2015 ஆகஸ்டு 7ஆம் நாள் தொடங்கப்பட்ட இந்தியக் கைத்தறி அடையாளம், சேலம் வெண்பட்டும் பவானி ஜமக்காளமும் பெற்றுள்ள புவிசார் குறியீடு ஆகிய யாவும் நெசவாளருக்கு அரணாக நிற்பவை. ஆனால் இவற்றைத் தமிழில் தெளிவாக, வினாவும் விடையுமாக எழுதி வைத்துள்ள நெசவாளர் சங்கத் தளங்கள் மிகச் சிலவே. அவ்விடத்தை விசைத்தறித் துணி விற்பவரின் பக்கம் நிரப்பினால், குற்றம் எந்திரத்தின்மேல் மட்டும் அன்று.

முதல் வேலை: பெயரும் இடமும்

செய்ய வேண்டுவனவற்றை இனி முறையாகக் காண்போம்.

கடைகளின் விவரங்களை வரைபடத்தோடு காட்டுவதற்கெனக் கூகுள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. ‘பிசினஸ் புரொஃபைல்’ என்பது 2021 நவம்பர் முதல் அதற்கு வழங்கும் பெயர். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. சங்கத்தின் பெயர், வேலை நேரம், தொலைபேசி எண், நிழற்படங்கள், விற்கும் பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து, இடம் நம்முடையதே என்பதற்குச் சான்று காட்டவேண்டும். பெரும்பாலும் கடையின் முகப்பையும் உட்புறத்தையும் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்கின்றனர். இப்பதிவைச் சங்கத்தின் பெயரிலுள்ள மின்னஞ்சலைக் கொண்டே செய்தல் வேண்டும். எழுத்தர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் செய்துவிட்டு, அவர் மாற்றலாகிச் சென்றபின் கடவுச்சொல் தெரியாமல் திகைத்தல் ஆகாது. நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இக்கணக்கின் பொறுப்பாளர் யார் என்பதைக் குறித்து வைப்பது உத்தமம்.

பெயரை எழுதுவதிலும் ஒரு கண்ணியைக் காண்கிறோம். வாழவந்தி என்னும் சொல்லிலுள்ள சிறப்பு ழகரத்தை ஆங்கில எழுத்தில் ஒருவர் ‘இசட், எச்’ என்னும் இரண்டு எழுத்துக்களால் எழுதுகிறார். மற்றொருவர் ‘எல்’ என்னும் ஓரெழுத்தால் எழுதுகிறார். கொல்லிமலை என்பதை ஒரு சொல்லாக எழுதுவாரும், ‘கொல்லி ஹில்ஸ்’ என்று எழுதுவாரும் உளர். பலகையில் ஒரு வகை, பற்றுச்சீட்டில் ஒரு வகை, தளத்தில் ஒரு வகை என்று இருந்தால், இவை யாவும் ஒரே சங்கமா, மூன்று சங்கங்களா என்று எந்திரம் மயங்கும். ஆதலின் தமிழில் ஒரு வடிவு, ஆங்கிலத்தில் ஒரு வடிவு என்று நிலைநாட்டி, எங்கும் அதையே எழுதவேண்டும். மக்கள் வழங்கும் ஏனைய வடிவுகளைத் தளத்தின் உட்பகுதியில், “இவ்வாறும் எழுதுவர்” என்று ஒரு வரியில் சுட்டிவிடலாம்.

மூன்றாவது, இடக்குறி. சமவெளியில் தெருப் பெயரும் கதவு எண்ணும் உண்டு. மலையில் “ஆலமரத்துக்கு மேலே, சந்தைக்குக் கீழே” என்பதே முகவரி. வரைபடத்தில் குறியைத் தவறான வளைவில் வைத்துவிட்டால், வாங்க வந்தவர் பக்கத்துப் பள்ளத்தில் நின்றுகொண்டு நம்மைத் தேடுவார். பூமியின் எந்தப் புள்ளிக்கும் குறுகிய முகவரியாக வழங்கும் ‘பிளஸ் கோடு’ எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்கது. அதனைச் சங்க முகவரியோடு சேர்த்துப் பதிக்கலாம். காரவள்ளி வழியாக வருவோர்க்கு ஒரு குறிப்பும், முள்ளுக்குறிச்சி வழியாக வருவோர்க்கு ஒரு குறிப்பும் எழுதி வைத்தல் வேண்டும்.

எந்திரம் படிக்கத்தக்க தமிழ்

நம் சங்கத் தளங்கள் பலவற்றிலுள்ள பெருங்குறை, எழுத்து இருந்தும் எந்திரத்துக்குப் புலப்படாமல் இருப்பது. விலைப்பட்டியலைத் தாளில் எழுதிப் படம் பிடித்து ஏற்றிவிடுகின்றனர். படத்திலுள்ள எழுத்தை எந்திரம் ஓரளவு படிக்கக்கூடும். ஆயினும் அதனை நம்பியிருத்தல் தகாது. வேறு சிலர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை அப்படியே ஏற்றுகின்றனர். நம் கண்ணுக்கு அது தமிழாகத் தோன்றும். எந்திரத்துக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமுறையாக ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. ஆகவே தளத்திலுள்ள ஒவ்வொரு வரியும் யூனிகோடில் இருத்தல் இன்றியமையாதது. இதற்குச் செலவு அதிகமில்லை; பழைய எழுத்தை மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் பிழை பார்ப்பதற்குத் தமிழறிந்த ஒருவர் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் போதும்.

தளம் கைப்பேசியில் விரைவாகத் திறக்கவும் வேண்டும். கூகுள் இப்போது ஒரு தளத்தின் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாகப் படித்து மதிப்பிடுகிறது. மலைப்பகுதியில் அலைவரிசை மெலிந்த இடங்களில் கனத்த படங்களும் ஓடும் எழுத்துக்களும் பயனற்ற சுமையே.

வினாவும் விடையும்

அடுத்து, எழுதும் முறை. “எங்கள் சங்கம் மக்கள் சேவையில் தனக்கென ஓர் இடம் பெற்று விளங்குகிறது” என்று தொடங்கும் பக்கங்கள் எவ்வினாவுக்கும் விடையாகா. வாங்குவோர் வினவும் சொற்களையே தலைப்பாக இட்டு, அதன்கீழ் முதலிரண்டு வாக்கியங்களிலேயே விடையை முழுமையாகக் கூறவேண்டும். விளக்கம் பின்னர் வரலாம். விற்பனைச் சாலையில் நிற்கும் நம் ஊழியரைக் கேட்டால், நாள்தோறும் வாங்குவோர் வினவும் பத்து வினாக்களை அவர் உடனே சொல்லிவிடுவார். அப்பத்துமே தளத்தின் பத்துத் தலைப்புகள்.

உதாரணமாக, “வாழவந்தி நாட்டு மிளகு எங்கே கிடைக்கும்?” என்பது ஒரு தலைப்பு. அதன்கீழ், “நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை வாழவந்தி நாட்டில் எம் அங்கத்தினர் விளைவிக்கும் மிளகை, செம்மேட்டிலுள்ள எம் விற்பனைச் சாலையில் வாங்கலாம். இன்ன நாட்களில், இன்ன நேரத்தில் திறந்திருக்கும். இன்ன எண்ணுக்குத் தெரிவித்தால் அஞ்சலிலும் அனுப்புவோம்” என்று எழுதுக. இவ்வரிகளை எந்திரம் வெட்டி எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தாலும், ஊரும் சங்கமும் எண்ணும் அதனுடனேயே செல்லும். நம் பெயரைப் பிரிக்க இயலாதவாறு விடையுள் நெய்துவிடுதலே இதில் அறியவேண்டிய நுட்பம். பாவும் ஊடும் சேர்ந்ததே துணி என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

விளைவிப்பவர் மட்டுமே அறிந்த செய்திகளையும் எழுதுதல் வேண்டும். நூறு கிலோ பச்சை மிளகு உலர்ந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே காய்ந்த மிளகாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் அளவில் மிளகை நிரப்பி நிறுத்தால், எடை மிகுந்தது முற்றிய மிளகு, குறைந்தது பொக்கு. ஈரம் நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். இவற்றை அறிந்த பின்பே, மலிவு மிளகுக்கும் நம் மிளகுக்கும் விலை ஏன் வேறுபடுகிறது என்பது வாங்குவோர்க்கு விளங்கும். அவ்வாறே சாமையைக் குத்தி உமி நீக்கும் உழைப்பு, காப்பிப் பழத்தைக் கொட்டையாக்கும் முறை, பட்டுப்பாவை ஓட்டும் நாட்கள் ஆகியவற்றையும் எழுதலாம். கொல்லிமலையின் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து ஈடுபட்டதன் பயனாக, இம்மலைச் சாமையைப் பற்றி வெளியுலகம் இன்று ஆவலோடு வினவுகிறது. விடை விளைவித்தவரிடமிருந்து வருவதே முறை.

எந்திரத்திற்கென்றே எழுதும் குறியீட்டு முறையும் ஒன்று உண்டு. கூகுள், யாகூ, பிங் ஆகிய மூன்றும் 2011ல் கூடி அமைத்த ‘ஸ்கீமா’ என்பதே அது. இது பொருளின் பெயர், இது விலை, இது கையிருப்பு, இது கடையின் நேரம் என்று ஒவ்வொன்றையும் பெயரிட்டுக் காட்டலாம். பண்டகசாலையில் ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டுக் கட்டுவது போன்றது இது. தளம் அமைத்துத் தருவோரிடம் இதனைக் கேட்டுப் பெறவேண்டும். சீட்டில் உள்ளது மூட்டைக்குள்ளும் இருக்கவேண்டும். பக்கத்தில் இல்லாததைக் குறியீட்டில் எழுதுவது பொய்க்கணக்கை ஒக்கும்.

எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது?

“நாம் வருந்தி எழுதியதை அவர்கள் எடுத்துத் தம் பக்கத்தில் வைத்துக்கொள்வது முறையா? அதற்கு நமக்குக் கூலி உண்டா?” என்று சில அங்கத்தினர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. கூலி இல்லை என்பதே உண்மை. பக்கத்தின் எப்பகுதியைத் துணுக்காக எடுக்கலாகாது என்றும், எத்தனை எழுத்துக்கு மேல் எடுக்கலாகாது என்றும் தளத்தில் கட்டளை இட வழியுண்டு. ஆயின், சிறிய சங்கம் தன்னை முழுவதும் மறைத்துக்கொண்டால் பெரிய வணிகரின் குரல் மட்டுமே வாயிலில் கேட்கும்.

ஆதலின் நடுவழி ஒன்றே நமக்கு ஏற்றது. பெயர், இடம், நேரம், எண், பொருளின் பொது இயல்பு ஆகியவற்றைத் தாராளமாக வழங்கிவிடுவோம். அவை பரவப் பரவ நமக்கே நன்மை. இன்றைய கையிருப்பு, இன்றைய விலை, உலர்களத்தின் படங்கள், இந்தப் பருவத்தில் எந்தத் தோட்டத்து மிளகு வந்துள்ளது, இச்சேலையை நெய்த தறி எந்த ஊரது, ஆணை அனுப்பும் படிவம் ஆகியவை நாள்தோறும் மாறுவன. நம்மிடம் வந்தால் மட்டுமே புதியதாகக் கிடைப்பன. இவையே வாங்குவோரைக் கதவு திறந்து உள்ளே வரச்செய்யும்.

பிறர் நிலத்தில் வீடு கட்டுவதிலும் கவனம் வேண்டும். பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த சிறு வலைத்தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் மூடிவிட்டது. அவற்றை மட்டுமே நம்பியிருந்த கடைகள் முகவரியை இழந்தன. சங்கத்தின் பெயரில் சொந்தமாக ஒரு தளமுகவரி பதிவு செய்து, ஆண்டுக் கட்டணத்தைத் தவறாமல் செலுத்தி வருதல் பாதுகாப்பு.

ஏமாற வேண்டா

இத்துறையில் முகவர்கள் பலர் புறப்பட்டிருக்கின்றனர். “உங்கள் சங்கத்தை முதலிடத்தில் வைப்பது உறுதி” என்று கூறிப் பணம் கேட்பாரை நம்பவேண்டா. முதலிடத்தை எவரும் உறுதியளிக்க இயலாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தில் இடம்பெறத் தனிக் குறியீடு எதுவும் தேவையில்லை என்றும் 2025ல் அந்நிறுவனம் தெரிவித்துள்ளது. வினா விடைக் குறியீடு இட்டால் விடைப்பக்கத்தில் பெரிதாகத் தோன்றலாம் என்று முன்பு சொல்லப்பட்டது; 2023 ஆகஸ்டில் அச்சலுகை அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் எனக் குறுக்கப்பட்டுவிட்டது. பழைய கதையைப் புதிய விலைக்கு விற்பாரும் உளர் என்பதை நிர்வாகிகள் நினைவில் கொள்க.

பாராட்டுரைகளை விலைக்கு வாங்குவதும் கூடாது. பொருள் வாங்கிச் சென்றவரிடம், “குறை நிறை இரண்டையும் எழுதுங்கள்” என்று பணிவோடு கேட்கலாம். குறை எழுதப்பட்டால் அதற்கு மரியாதையாக விடை தரவேண்டும். குறையை ஏற்றுத் திருத்திய சங்கத்தை மக்கள் மதிப்பர்.

பயனை அளக்கும் முறை

பொதுக்குழுவில், “தளத்திற்குச் சென்ற ஆண்டைவிடக் குறைந்த பேரே வந்திருக்கின்றனர்; இச்செலவு எதற்கு?” என்று எவரேனும் எழுந்து கேட்கலாம். வருகைக் கணக்கை மட்டும் காட்டினால் விடை கூறுவது அரிது. பிசினஸ் புரொஃபைலிலிருந்து எத்தனை பேர் தொலைபேசியில் அழைத்தனர், எத்தனை பேர் வழி கேட்டனர் என்னும் எண்ணிக்கையை அதன் கணக்கிலேயே காணலாம். இதனினும் நல்லது நம் பழைய முறையே. விற்பனைப் புத்தகத்தில் ஒரு பத்தி கோடிட்டு, “எங்களை எவ்வாறு அறிந்தீர்கள்?” என்று கேட்டு எழுதி வைக்கவேண்டும். மூன்று மாதத்தில் உண்மை தெரிந்துவிடும்.

மாதம் ஒருமுறை, முதல் வாரத்தில், பொறுப்பாளர் ஒருவர் அப்பத்து வினாக்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கைப்பேசியில் வினவிப் பார்ப்பாராக. எந்த விடையில் நம் பெயர் வருகிறது, எதில் பிழை இருக்கிறது, எதில் பிறர் பெயர் நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக் குழுவின்முன் வைக்கவேண்டும். பிழையைக் கண்டால் விடைப்பக்கத்திலேயே தெரிவிக்க வழி இருக்கிறது. அதனோடு நம் தளத்தில் அச்செய்தியைத் தெளிவாகத் திருத்தி எழுதுவதே நிலையான மருந்து.

ஒன்றுபட்டுச் செய்வோம்

இவற்றை எல்லாம் ஒரு சிறு சங்கம் தனித்துச் செய்ய இயலுமா என்னும் ஐயம் எழலாம். 1904ஆம் ஆண்டில் திரூரில் முதல் கிராமக் கடன் சங்கம் தோன்றியபோதும் இவ்வையம் எழுந்திருக்கும். நெசவாளர் சங்கங்கள் தனித்தனியே துணி விற்று நலிந்தமையால்தான், யாவற்றுக்கும் பொதுவான விற்பனை நிலையமாக 1935ல் கோ-ஆப்டெக்ஸ் உருவாயிற்று. அதே பாடம் இங்கும் பொருந்தும். மலைமேல் விளைவிப்போர் சங்கமும், அடிவாரத்தில் நெய்வோர் சங்கங்களும் கூடி ஒரு பொதுத்தளம் அமைக்கலாம். ஒவ்வொரு சங்கத்திற்கும் அதில் தனிப்பக்கம் இருக்கட்டும். எழுதவும் திருத்தவும் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவரைப் பொதுவாக அமர்த்திச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளில் இத்தொழில் கற்றோர் இன்று பலர் உளர்.

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டா என்பர். மணம் எட்டும் தொலைவில் இருப்போர்க்கு அப்பழமொழி சரியே. எழுபது வளைவுகளுக்கு அப்பால் இருக்கும் மிளகின் மணம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் தானாக எட்டுவதில்லை. அங்கே ஒருவர் கேள்வி கேட்கும் கணத்தில், நம் சார்பில் பேச ஒரு மெய்யான வரி வலையில் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். வரும் வாரத்திற்குள் ஒவ்வொரு சங்கமும் பெயரையும் இடக்குறியையும் திருத்துதல், எழுத்தை யூனிகோடுக்கு மாற்றுதல், பத்து வினாக்களுக்கு விடை எழுதுதல் ஆகிய மூன்றையாவது முடித்துவிடுமாக. விளைத்தவர் பெயரும் நெய்தவர் பெயரும் விடையிலே நிலைக்கட்டும். கூட்டுறவே நாட்டுயர்வு.